தனி டப்பா

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு யாரும் டீ வாங்கித் தர முடியாது. மற்ற நாட்களில் கேட்காமலே வாங்கிக் குடிப்பார், "இன்னும் கால் கிளாஸ் ஊத்துய்யா" என்று உரிமையாகக் கையையும் நீட்டுவார். வெள்ளிக்கிழமை தோளில் மகமைப் பை ஏறிவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அருப்புக்கோட்டை வெயிலில் காலை ஒன்பது மணிக்குக் கடைவீதிக்குள் நுழைகிறவர் மூன்று மணிக்கு வெளியே வரும்போது உதடு வெடித்திருக்கும். பையைச் சங்கத்தில் இறக்கி, ரசீது வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எதிரே இருக்கும் குழாயில் போய் வாயை வைப்பார்.

மகமை என்பது வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பொது வரி. ஒரு மூட்டை சரக்கு கைமாறினால் இத்தனை பைசா என்று வாடிக்கையாளர் கணக்கில் பிடித்து, கடைக்காரர் தன்னிடம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை சங்கத்தில் சேர்த்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. கோயில் செலவு, குடிதண்ணீர்க் கிணறு எல்லாம் அதில்தான். கடை கடையாகப் போய் அதை வசூலிப்பது அவர் வேலை. அறுபதுகளில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அவர் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும், என் வீட்டுச் சண்டை அவருக்குத் தெரியும்.

ஆள் குள்ளம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருப்பார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். எனக்கு அது பிடிக்காது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்ன அண்ணாச்சி, என் கையில மோதிரத்தைத் தேடுறீகளா?"

"பழகிப் போச்சு தாயி. கடைக்காரன் கை எங்க போகுதுன்னு பாக்குறதுதானே என் பொழப்பு" என்றார். சிரிக்கவில்லை.

அவர் பையன் காய்ச்சலில் கிடந்த சமயம் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. சங்கத்துப் பொருளாளர் வெளியூர் போயிருந்ததால் பையை வீட்டுக்கே கொண்டுவந்து, மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு இரண்டு ரூபாய் குறைகிறது, இருக்குமா என்றார். என்னிடம் ஒன்றரைதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு மீதி எட்டணாவுக்கு எதிர்வீட்டுக்குப் போனார். அவர் மனைவி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பெட்டியில முந்நூறு ரூவா கெடக்கு. புள்ள அனலா கொதிக்கிறான். இவுக தெருத்தெருவா பிச்சை எடுக்குறாக. இந்த அநியாயம் எங்கயாவது உண்டா?"

"எடுத்துட்டுத் திங்கக்கிழமை வச்சா யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?" என்று நானும்தான் கேட்டேன்.

"பணத்துல பேரா எழுதியிருக்கு? வைக்கிற இடத்துலதான் தாயி பேர் இருக்கு. ஒரு தடவை கலந்துட்டா, அப்புறம் எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது" என்றார். பையன் பிழைத்துக்கொண்டான். அந்த ஒன்றரை ரூபாயை அடுத்த சம்பளத்தன்றைக்கே சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். அவரை ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த நாளில் எங்கள் பக்கம் வாயிதா வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் கடலைக்கு இன்றைக்கே விலை பேசி விற்பது, அல்லது வாங்குவது. நேரடியாக அல்ல, தரகர் மூலமாக. அவரிடம் ஒரு முன்பணம் கட்ட வேண்டும். விலை நமக்கு எதிராகப் போனால் அதிலிருந்து கழித்துக்கொள்வார். நம் பக்கம் வந்தால் நம் பேரில் ஏற்றிக்கொள்வார். சூதாடினவர்கள் உண்டு, அழிந்தவர்களும் உண்டு. ஆனால் கையில் சரக்கை வைத்துக்கொண்டு விலை இறங்கிவிடுமோ என்று தூக்கம் கெட்டவர்களுக்கு அது ஒரு காப்பு. அதில் பெரிய பயம் விலையைப் பற்றியது அல்ல. நம் முன்பணம் தரகரிடம் நம் பணமாகவே இருக்கிறதா, இல்லை அவர் அதை எடுத்துத் தன் பேரில் ஆடிக்கொண்டிருக்கிறாரா என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது.

ஊரார் தரகரை எடைபோட்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். வாசலில் கார் நிற்கிறதா, பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு எவ்வளவு நன்கொடை எழுதினார், பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார் என்று பார்ப்பார்கள். அந்தப் பவுன் யார் பணம் என்று யோசிக்க மாட்டார்கள்.

அண்ணாச்சி வழி வேறு. வெள்ளிக்கிழமை போய் நின்றதும் தரகர் மகமைப் பணத்தை எங்கேயிருந்து எடுக்கிறார் என்று மட்டும் பார்ப்பார். அது வாடிக்கையாளரிடம் பிடித்த பணம், கடைக்காரருடையது அல்ல. அதைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறவன் அடுத்தவன் காசை அடுத்தவன் காசாக வைத்திருப்பான். கல்லாவில் கலந்து வைத்திருந்து, அங்கேயிருந்து எண்ணிக் கொடுக்கிறவன் முன்பணத்தையும் அப்படித்தான் வைத்திருப்பான். இவ்வளவுதான் அவர் சாஸ்திரம்.

பாலவனத்தத்துக்காரர் ஒருவர் பருத்தி விற்ற பணத்தை ஒரு தரகரிடம் போட்டிருந்தார். வழியில் இவரைப் பார்த்து விசாரித்திருக்கிறார். இவர் "கல்லாவுல இருந்து எடுத்துக் கொடுத்தாக. ரெண்டு ரூவாய்க்குப் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினாக" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் அன்றைக்கே போய்ச் சண்டை போட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மூன்று மாதத்தில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. அதிலிருந்து யாராவது ஒருவர் அவரைத் தேடி வந்தபடி இருப்பார்கள். கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்ல மாட்டார். பார்த்ததைச் சொல்வார். கேட்டவர்கள் புரிந்துகொண்டு போவார்கள்.

என் வீட்டுக்காரர் கடலை உடைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருந்தார். திருச்சுழிப் பக்கம், எம்.ரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் போய்க் கடலை எடுப்பார். பாதிக்கு ரொக்கம், பாதிக்குத் தவணை. அந்த வருஷம் மழை தப்பாமல் பெய்து, வெள்ளாமை வீடு கொள்ளாமல் வந்துவிட்டது. விலை சரியப்போகிறது என்று அவர் சொன்னார். அந்தக் கணிப்பில் அவர் கெட்டிக்காரர், அதை நான் எங்கேயும் சொல்வேன். மில்லில் அடைந்து கிடந்த மூட்டையில் பாதிக்கு மேல் கடன் சரக்கு. விலை விழுந்தால், கடலை விளைவித்த சம்சாரிகளுக்குக் கொடுக்கப் பணம் இராது. அதனால் அதே அளவுக்கு வாயிதாவில் விற்றுவைக்கலாம் என்றார். மில்லை அடமானம் வைத்து, என் கழுத்தில் கிடந்த ஏழு பவுன் சங்கிலியைக் கழற்றி, முன்பணம் தேறியது.

டெலிபோன் இருந்ததால் போன்கடை என்று பேர் வாங்கியிருந்த தரகுக் கடையில்தான் போடுவதாக இருந்தது. சங்கிலியைக் கொடுக்கும் முன் நான் சுவரருகே போனேன்.

"போன்கடை எப்படி அண்ணாச்சி?"

அவர் என் கழுத்தையும் கையையும் பார்த்தார். புரிந்துகொண்டிருப்பார்.

"தகர டப்பா தனியா இருக்கு. பூட்டுப் போட்டிருக்கு. சாவி முதலாளிகிட்ட இல்ல, கணக்கெழுதுறவர் இடுப்புல இருக்கு. வாடிக்கைக்காரன் கொடுத்த அழுக்கு நோட்டு, எண்ணெப் பிசுக்கு ஒட்டின சில்லறை அப்படியே கெடக்கு. ரெண்டு வருஷமா ஒரு பைசா கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்பக் கொடுக்கலாமா?"

"பார்த்ததைச் சொன்னேன் தாயி."

கொடுத்தோம்.

விலை சரிந்தது. என் வீட்டுக்காரர் சொன்னதைவிட வேகமாகச் சரிந்தது. மில்லில் கிடந்த சரக்கில் நஷ்டம், போன்கடைச் சீட்டில் லாபம். இரண்டும் சமமாகப் போய்க்கொண்டிருந்தன. வாராவாரம் போன்கடையில் ஒரு துண்டுச் சீட்டில் எங்கள் பேரில் ஏறிய தொகையை எழுதிக் கொடுப்பார்கள். அதை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டும்போது முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

பிறகு ரெட்டியபட்டியிலிருந்து சம்சாரிகள் வர ஆரம்பித்தார்கள். தவணை முடிந்துவிட்டது. போன்கடையில் கொஞ்சம் கேட்டபோது, "வாயிதா முடியட்டும் தம்பி, நடுவுல எடுத்தா உங்களுக்குத்தான் நட்டம்" என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் காப்பி பிடிக்கவில்லை. "திங்கக்கிழமை நானும் வாரேன். கொடுக்கிற வரைக்கும் கடை வாசலை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பொம்பளை போய்க் கடைவீதியில் உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்று அவர் கெஞ்சினார். அது சனிக்கிழமை. முந்தின நாள்தான் அண்ணாச்சி போன்கடைக்குப் போய் வந்திருந்தார். சரி, அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று இரண்டு பேரும் சுவரருகே போனோம்.

அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் வேட்டியை உதறினார், மறுபடி உதறினார்.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு தாயி."

"டப்பா தனியாத்தானே இருக்கு?"

"தனியாத்தான் இருக்கு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, பார்த்தியா என்பதுபோல் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை நாங்கள் போகவில்லை.

புதன்கிழமை போன்கடை திறக்கவில்லை. முதலாளி மதராஸ் போயிருக்கிறார் என்றார்கள். வியாழக்கிழமை அவர் வீடும் பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஐம்பது அறுபது பேர் கடை முன்னால் கூடிவிட்டோம். கணக்கெழுதுகிறவரை யாரோ வீட்டிலிருந்து இழுத்து வந்து கதவைத் திறக்க வைத்தார்கள். பெட்டகம் காலி. கல்லா காலி. எங்கள் முன்பணத்தை எடுத்து முதலாளி தன் பேரில் விலை ஏறும் என்று ஆடியிருக்கிறார், விலை சரியச் சரிய மற்றவர்கள் பணத்தைப் போட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கணிப்பு கடைசி வரை சரிதான். எங்கள் பேரில் லாபம் சீட்டில் இருந்தது. பணம்தான் இல்லை.

அப்போது மகமைப் பையோடு அண்ணாச்சி வந்தார். அது வெள்ளிக்கிழமை, அவர் வரும் நாள். கூட்டம் வழிவிட்டது. கணக்கெழுதுகிறவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மூலையில் இருந்த தகர டப்பாவைத் திறந்தார். கடை நடந்த நாட்களுக்கான மகமை உள்ளே இருந்தது. அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணினார். ஒரு பைசா குறையவில்லை.

"அதையாவது எங்களுக்குப் பிரிச்சுக் குடுங்கய்யா" என்று ஒருவர் கத்தினார். "எங்க சரக்குல பிடிச்ச காசுதானே அது!"

அண்ணாச்சி பையில் போட்டுக் கட்டினார். ஓடிப்போனவர் பேருக்கு ரசீது எழுதிக் கணக்கெழுதுகிறவர் கையில் கொடுத்தார். நான் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "உங்க சங்கத்துக் காசு மட்டும் சோறு, எங்க காசு மண்ணா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் தலையைத் தூக்கவில்லை. அடுத்த கடைக்குப் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சங்கத்துக் காசைத் தொட்டவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். எங்கள் காசைத் தொட்டால் பாவம், நொடித்துப்போனார் என்று பேசி இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். ஓடுகிறவன்கூட அந்த டப்பாவைத் தொட மாட்டான். அதை வைத்து அவனுடைய நாணயத்தை அளந்த அண்ணாச்சியும் முட்டாள், அவரை நம்பிய நாங்கள் அவரைவிடப் பெரிய முட்டாள்கள் என்று நினைத்தேன். அவரை வெறும் முட்டாள் என்று நினைக்க எனக்குக் கிடைத்தது அந்த அரை நாள்தான்.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரருகே அல்ல, வாசல் வழியாக. என் வீட்டுக்காரர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"போன வெள்ளிக்கிழமை டப்பாவுல எல்லாம் சலவை நோட்டு தாயி. பேங்கு மடிப்புக் கலையாம இருந்துச்சு. அழுக்கு நோட்டு ஒண்ணுகூட இல்ல. யாரோ வாரம் முழுக்க எடுத்துச் செலவழிச்சுட்டு, காலையில கொண்டாந்து நிரப்பியிருக்காகன்னு தெரிஞ்சு போச்சு."

நான் அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"தெரிஞ்சுமா சனிக்கிழமை அப்படிச் சொன்னீக?"

"எண்ணிக்கை சரின்னேன். அது பொய் இல்ல. சங்கத்துப் பணமும் அங்க வட்டிக்குக் கெடந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டச் சேத்த பணம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பொருளாளர்கிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை எடுக்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக."

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. பூராவும் கொடுத்துட்டாக."

நாங்கள் போய் உட்கார வேண்டிய திங்கட்கிழமை அது. கடையில் மிச்சமிருந்த பணம் எல்லாம், எங்கள் சங்கிலி விற்ற பணம் உட்பட, அன்றைக்குச் சங்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டது. எங்கள் மில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குள் போய்விட்டது. நான் விளக்குமாறை எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் நகராமல் நின்றார். அடிக்கக் கை வரவில்லை, கீழே போட்டுவிட்டு அழுதேன்.

மில் ஏலத்துக்குப் போனது. ரெட்டியபட்டிச் சம்சாரிகளில் ஒருவர்கூடக் கத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தக் கடனையெல்லாம் தீர்க்க ஒன்பது வருஷம் ஆனது. என் வீட்டுக்காரர் விருதுநகரில் இன்னொருவர் மில்லில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனார். அதன் பிறகு எந்த விலையைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை. கடைக்குப் போனால் ஒரு தேங்காய் எவ்வளவு என்றுகூடக் கேட்க மாட்டார், காசை நீட்டிவிட்டு மீதியை வாங்கி வருவார். நான் பாளையம்பட்டியில் பலகாரக் கடை போட்டேன். பிற்பாடு சர்க்கார் வாயிதாவுக்குத் தடை போட்டதாகச் சொன்னார்கள். எங்களுக்கு அது என்றைக்கோ முடிந்துபோன சமாசாரம்.

அண்ணாச்சியிடம் அதற்குப் பிறகு யாரும் தரகர்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் மகமைப் பை அவர் தோளிலேயே இருந்தது. சங்கத்தில் அவருக்கு மரியாதை கூடித்தான் போயிருந்தது. பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடம் எழும்பியது, மூன்று பெரிய வகுப்பறைகள். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன்.

எழுபதுகளில் என் மகன் ஆறாம் வகுப்புக்கு வந்தான். சம்பளம் கட்டிப் படிக்கவைக்க வழியில்லை. ஒருநாள் காலை கடைக்கு அண்ணாச்சி வந்தார். ஐந்து வருஷமாக அவரோடு பேச்சில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சேர்ப்பதற்கான விண்ணப்பம்.

"கமிட்டியில பேசிட்டேன். கையெழுத்துப் போட்டாப் போதும்."

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தேன். அத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததை அப்போது கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. அந்தச் சனிக்கிழமை வந்து கேட்டது நானா இல்லாம உங்க கூடப் பொறந்த தங்கச்சியா இருந்திருந்தா, அவ தாலிக்கொடியே அங்க கெடந்திருந்தா, சொல்லியிருப்பீகளா?"

ஆமாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தால், தன் ஆள் பிற ஆள் பார்க்கிற சாதாரண மனுஷர்தான் என்று காறித் துப்பிவிட்டு, அத்தோடு விட்டிருப்பேன். அவர் முதல் தடவையாக என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லியிருக்க மாட்டேன் தாயி."

அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. மாவு அப்பிய கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். மகன் அந்த மூன்று வகுப்பறைகளில்தான் படித்தான், நன்றாகவும் படித்தான். அண்ணாச்சி செத்தபோது அவன்தான் மாலை வாங்கிக்கொண்டு ஓடினான். நான் போகவில்லை. அவரைப்போல யோக்கியமான ஒரு மனுஷரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவரை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை.